கூடினாங்களா, கூட்டினாங்களா? மக்களை அழைக்கும் சொற்களைப் பற்றி

இந்த எபிசோடில் ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போறோம்: நாலு பேரை ஒரு இடத்துக்கு வரச் சொல்றது. அதுக்குத் தமிழ்ல என்னென்ன சொற்கள் இருக்கு, எதை யார் யாரிடம் சொல்றாங்க, ஒரு சொல்லை எடுத்துட்டு இன்னொன்றைப் போட்டால் என்ன மாறுது, இதுதான் விஷயம்.

ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியும். ஆனா குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து கிராம சபை வரைக்கும், ஒரு அழைப்பு எந்தச் சொல்லில் வருதோ அந்தச் சொல்லிலேயே யார் உள்ளே, யார் வெளியே என்பது பாதி முடிவாகிடுது. கூட்டத்துல என்ன பேசினாங்க என்று நாம கவனிக்கிறோம். கூட்டத்துக்கு எப்படிக் கூப்பிட்டாங்க என்று கவனிக்கிறதில்லை.

ஒரு 'ட்' செய்யும் வேலை

முதல்ல ரெண்டு சொல்: கூடு, கூட்டு. "மக்கள் கூடினார்கள்" என்றால் முடிவு மக்களுடையது. "மக்களைக் கூட்டினார்கள்" என்றால் முடிவெடுத்தது வேற யாரோ. நடுவுல ஒரு 'ட்' கூடுதலா வந்ததும் வினையோட சொந்தக்காரர் மாறிட்டார். பள்ளிக்கூடத்துல தன்வினை, பிறவினை என்று படிச்சோமே, அதேதான். ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, திரள்–திரட்டு எல்லாம் இந்த வகை. 'சேர்' என்ற சொல்லில் காலம் காட்டும்போது வித்தியாசம் தெரியும்: சேர்ந்தார்கள், சேர்த்தார்கள்.

செய்தித்தாள்களை இந்தக் கண்ணோட படிச்சுப் பாருங்க. "ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்" என்று ஒரு பத்திரிகை எழுதும். அதே மைதானம், அதே கூட்டம், இன்னொரு பத்திரிகை "திரட்டப்பட்டனர்" என்று எழுதும். ரெண்டாவதைப் படிச்சதும் நமக்கு வேன், பிரியாணிப் பொட்டலம், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு எல்லாம் மனசுல வந்துடும். யாரும் அதை எழுதலை. வினைச்சொல் மட்டும் மாறியிருக்கு. பேச்சு வழக்கில் இது இன்னும் வெளிப்படை: "கூட்டம் சேர்ந்தது", "கூட்டம் சேர்த்தாங்க", "ஆள் பிடிச்சாங்க". கீழே இறங்க இறங்க, வந்தவங்களுக்கு மரியாதை குறையுது.

இதுக்கு நேர் எதிர்ப்பக்க உதாரணம் 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் 17ஆம் தேதி ஆரம்பித்த போராட்டம், 23ஆம் தேதி காலை போலீஸ் அப்புறப்படுத்தும் வரை நடந்தது. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் செய்தி ஆளுக்கு ஆள் கை மாறிப் போச்சு. கூட்டியவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாது. 'திரண்டனர்' என்ற சொல் அங்கே முழுசாப் பொருந்தியது. ஆனா அதோட இன்னொரு பக்கமும் அங்கேதான் தெரிஞ்சது. அழைத்தவர் இல்லாத கூட்டத்துக்கு 'முடிஞ்சது, கிளம்பலாம்' என்று சொல்லவும் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஆள் இருக்காது.

அரசாங்க விஷயத்தில் இந்த ரெண்டு வினையும் கலந்து வரும். "சட்டப்பேரவை திங்கட்கிழமை கூடுகிறது" என்றுதான் செய்தி வாசிப்பாங்க. ஆனா அரசியலமைப்பின் 174ஆவது பிரிவுப்படி பேரவையைக் கூட்டுவது ஆளுநர். நாடாளுமன்றத்துக்கு 85ஆவது பிரிவு, அங்கே குடியரசுத் தலைவர். ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இலக்கணப்படி கூடுகிறது, சட்டப்படி கூட்டப்படுகிறது.

நம்ம கதை வேற. ஆயுதமில்லாமல் அமைதியாக் கூடுவது 19ஆவது பிரிவு நமக்குத் தரும் உரிமை. அங்கே யாரும் கூட்ட வேண்டியதில்லை, நாமே கூடலாம். ஆனா சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றத்துக்கு ஐந்து பேர் போதும். முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்தில் 141ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 189. ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே குற்றம் என்று அர்த்தமில்லை, சட்டம் சொல்லும் சில நோக்கங்களில் ஒன்று பொதுவாக இருக்கணும். கூடுவதையே தடுக்கும் உத்தரவை "144 போட்டுட்டாங்க" என்கிறோம். அந்தப் பிரிவும் இப்போ புதுச் சட்டத்தில் 163 ஆயிடுச்சு. மக்கள் வாயில் இன்னும் 144தான்.

கூப்பிடுவது, அழைப்பது, ஆணையிடுவது

அடுத்தது குரல். "கூப்பிடு தூரம்" என்று இன்னிக்கும் சொல்றோம். குரல் போய்ச் சேரும் தூரம். ஒரு காலத்தில் கூட்டத்தோட அளவையே அதுதான் தீர்மானிச்சது. குரல் எட்டாதவன் கூட்டத்தில் இல்லை.

கூப்பிடுவதும் அழைப்பதும் அகராதியில் கிட்டத்தட்ட ஒன்று. வீட்டில் ஒன்றில்லை. "கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டால், "சொல்லி விட்டாங்க, ஆனா முறையா வந்து அழைக்கலை" என்று பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்துல ஒரு சொந்தம் பத்து வருஷம் முறைச்சுக்கிட்டு நிற்கும். அழைப்பு என்றால் நேரில் வரணும், வெற்றிலை பாக்கு வைக்கணும், மூத்தவங்க கையில் கொடுக்கணும். இப்போ பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்புறவங்களும் கூடவே ஒரு வரி போடறாங்க: இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும். தகவல் முழுசாப் போய்ச் சேர்ந்துடுச்சு, இடம், தேதி, மண்டபத்து மேப் எல்லாம் இருக்கு. ஆனாலும் 'அழைப்பு' இன்னும் நடக்கலை என்று ரெண்டு பக்கத்துக்கும் தெரியும். அதை ஈடுகட்டத்தான் அந்த வரி.

அதே 'அழைப்பு' கூட 'ஆணை' சேர்ந்தால் அழைப்பாணை. நீதிமன்றம் அனுப்புவது. போகலைன்னா வாரண்ட் வரலாம். ஒரே வேர்ச்சொல், ஒரு முனையில் வெற்றிலைத் தட்டு, மறுமுனையில் கோர்ட் அமீனா.

ஒவ்வொரு சமூகமும் இதில் தன் சொல்லைக் கொண்டுவந்திருக்கு. தொழுகைக்கு அழைப்பதைத் தமிழ் முஸ்லிம்கள் 'பாங்கு' என்கிறாங்க. பாரசீகச் சொல், அர்த்தமே குரல், கூவல். அந்தக் குரலுக்கு வந்து சேரும் கூட்டம் ஜமாஅத். அது அரபி, 'சேர்த்தல்' என்ற வேரில் பிறந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் அதே வேர்தான். இலங்கைத் தமிழர்கள் 'ஒன்றுகூடல்' என்று ஒரு அழகான சொல்லை சர்வசாதாரணமாப் பயன்படுத்துறாங்க: பழைய மாணவர் ஒன்றுகூடல், குடும்ப ஒன்றுகூடல். அதையே நாம இங்கே 'கெட் டுகெதர்' என்று சொல்லிட்டுப் போயிடறோம்.

வா, வாங்க, வரவும், வாரீர்

இனி வினைமுற்று. ஒரே ஆளை வரச் சொல்ல நம்மிடம் எத்தனை வடிவம் பாருங்க.

"வா" என்பதில் உறவோ அதிகாரமோ இருக்கு. "வாங்க" என்பதில் மரியாதை, கூடவே கொஞ்சம் நெருக்கம். "வருக" என்பது வாசல் வளைவில் எழுதுவது, யாருக்கு என்று கிடையாது. "வாரீர்" பேச்சில் செத்துப்போன வடிவம், ஆனா சுவரொட்டியில் இன்னும் உயிரோட இருக்கு. "அலைகடலெனத் திரண்டு வாரீர்" என்று பார்த்தாலே அது கட்சி மாநாடு என்று தெரிஞ்சிடும். வீட்டு விசேஷத்துக்கு யாரையும் அலைகடலென வரச் சொல்ல மாட்டோம், சாப்பாடு பத்தாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச புதிர் "வரவும்". "அனைவரும் தவறாமல் வரவும்." இது கட்டளையா, வேண்டுகோளா? ரெண்டுக்கும் நடுவில் நிற்குது. இந்த வடிவத்தில் அழைப்பவர் முகம் தெரியாது. அதனாலதான் அலுவலக நோட்டீஸ், பள்ளிச் சுற்றறிக்கை, குடியிருப்புச் சங்கம் எல்லாம் இதையே பிடிச்சுக்கிட்டாங்க. கீழே "இப்படிக்கு, நிர்வாகம்" என்று போட்டுட்டால் வேலை முடிஞ்சது. பதில் கேள்வி கேட்கணும்னா யாரைக் கேட்பது?

என் துறையில் இதே வேலையை காலண்டர் அழைப்பில் ஒரு சின்னப் பெட்டி செய்யுது: கட்டாயம், விருப்பம். 'விருப்பம்' என்ற பக்கத்தில் உங்க பெயர் வந்துச்சுன்னா, நீங்க இல்லாமலும் முடிவெடுப்போம் என்று அர்த்தம்.

நாம், நாங்கள்

ஆங்கிலத்தில் ஒரே 'வி'. தமிழில் ரெண்டு. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். அழைப்புக்கு இதைவிடக் கூர்மையான கருவி வேற கிடையாது.

"நாங்க ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போடறோம், வாங்க." இதில் கூட்டம் அவங்களுடையது, நீங்க விருந்தாளி. "நாம ஞாயிற்றுக்கிழமை கூடலாம்." இதில் நீங்களும் பங்காளி, கூட்டம் சொதப்பினால் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆங்கிலத்தில் யோசிச்சுத் தமிழில் எழுதுற நிறைய அறிவிப்புகளில் இந்த இடம்தான் தடுக்கும். "எங்கள் தெருவின் பிரச்சினையைப் பேச அனைவரும் வரவும்" என்று அதே தெருக்காரர்களுக்கே எழுதுவாங்க. எங்கள் தெருவா, நம்ம தெருவா?

'அனைவரும்' என்ற சொல்லும் இப்படித்தான். எல்லாரையும் அணைக்கிற மாதிரி இருக்கும். ஆனா அடுக்குமாடிக் குடியிருப்பு நோட்டீஸில் 'அனைவரும்' என்றால் நிறைய இடங்களில் வீட்டு உரிமையாளர்கள் மட்டும்தான். வாடகைக்கு இருப்பவர் உண்டா என்று கேட்டுத் தெரிஞ்சுக்கணும். காவலாளியும் வீட்டு வேலை செய்யும் அம்மாவும் இல்லை என்பதைக் கேட்கவே வேண்டாம். அந்த நோட்டீஸைச் சுவரில் ஒட்டுறவர் பல இடங்களில் அந்தக் காவலாளியாத்தான் இருப்பார்.

அழைப்பைக் கொண்டுபோகிற ஆளுக்கு அந்த அழைப்பில் இடமில்லை. இதுக்கு நம்ம ஊரில் ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

பறை என்ற சொல்

'பறை' என்பதற்குப் பழந்தமிழில் ரெண்டு அர்த்தம்: ஒன்று முழங்கும் கருவி, இன்னொன்று சொல்லுதல். மலையாளத்தில் இன்னிக்கும் 'பறயுக' என்றால் சொல்வதுதான். 'அறைதல்' என்பதற்கும் இதே மாதிரி அடிப்பது, அறிவிப்பது என்று ரெண்டு பொருள். ஊரைக் கூட்டும் கருவிக்கும் பேசுவதுக்கும் ஒரே சொல்.

மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. புகார் நகரத்தில் இந்திர விழா வரப்போவதை யானை மேல் முரசை ஏற்றி ஊருக்குச் சொல்வது அதில் வருது. அந்த அறிவிப்பாளனைப் பழமையான குடியில் பிறந்தவன் என்று காப்பியம் சொல்லுது. திருக்குறளில் 1076ஆவது குறள், ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத கயவர்களை அறிவிப்புப் பறைக்கு ஒப்பிடுது. அந்த அளவுக்கு எல்லாருக்கும் பழக்கமான ஓசை.

பின்னாடி வந்த காலத்தில் இந்த வேலை சாதியோட கட்டப்பட்டது. ஊர்க் கூட்டம், ஏலம், வரி, கோயில் திருவிழா, சாவு எதுவா இருந்தாலும் தப்பட்டையோ தமுக்கோ அடிச்சுத் தெருத் தெருவாப் போய்ச் சொல்வது தலித் மக்கள் மேல் சுமத்தப்பட்ட கடமை ஆச்சு. அவர் குரல் கேட்டு ஊர் கூடும். அந்தக் கூட்டத்தில் உட்கார அவருக்கு இடமில்லை.

இந்தக் கதையை ஒரே சொல்லில் பார்க்கணும்னா ஆங்கில அகராதியில் 'பரையா' என்ற சொல்லைப் பாருங்க. 17ஆம் நூற்றாண்டில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பறை என்ற கருவியிலிருந்து வந்த மக்கள் பெயர், அங்கே போனதும் 'ஒதுக்கி வைக்கப்பட்டவர்' என்ற பொதுப்பெயரா மாறிடுச்சு. எல்லாரையும் கூட்டிய சொல்லிலிருந்து, யாரும் சேர்த்துக்கொள்ளாதவரைக் குறிக்கும் ஒரு சொல். உலகப் பத்திரிகைகள் இன்னிக்கும் ஒதுக்கப்பட்ட நாடுகளைக் குறிக்க அதை எழுதுறாங்க. எழுதுறவங்களில் எத்தனை பேருக்கு அதன் பின்னால் இருக்கும் ஓசை தெரியும்?

தண்டோரா என்று நாம சொல்வது வடக்கிலிருந்து வந்த பெயர், வேலை அதேதான். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அதுக்குத் தடை போட்டது. அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்: வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம், ஆளை விட்டுத் தண்டோரா போட வேண்டாம். தடை வந்தது அந்த வேலைமுறைக்குத்தான், கருவிக்கு இல்லை. பறை இன்னிக்கு மேடையிலும் போராட்டத்திலும் கல்லூரி விழாவிலும் கம்பீரமா முழங்குது. மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. பறையைத் தானா விரும்பி அடிப்பதும், ஊர் சொல்லி அடிக்க வைப்பதும் வேற வேற. கூடு–கூட்டு கதை இங்கேயும் வந்துடுச்சு பாருங்க.

குறைவு என்பது யாரைக் கணக்கில் வைத்து?

அழைச்சாச்சு. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்? இதுக்கு இப்போ 'குறைவெண்' என்ற தமிழ்ச்சொல் இருக்கு. வழக்கில் 'கோரம்' என்போம். அது லத்தீன், 'அவர்களுள்' என்று பொருள். இங்கிலாந்தில் நீதிபதிகளை நியமிக்கும் ஆணையில், அவர்களுள் இன்னார் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதுவாங்க. அந்த 'அவர்களுள்' மட்டும் தனியாக் கழன்று வந்து சொல்லாச்சு. மக்களவைக்குக் குறைவெண் பத்தில் ஒரு பங்கு, 543 பேர் இருக்கும் அவையில் 55.

சோழர் காலச் சபைக் கல்வெட்டுகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: கூட்டக் குறைவறக் கூடியிருந்து. அதாவது, யாரும் குறையாமல் கூடி உட்கார்ந்து இந்த முடிவை எடுத்தோம் என்று கல்லில் பதிவு. ரொம்ப நவீனமான எண்ணம். ஆனா காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்க. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் பெயர் எழுதத் தகுதி என்ன என்று வரிசையாச் சொல்லுது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயசு, வேதப் படிப்பு. அது பிராமணர் ஊர்ச் சபை. அந்தப் பட்டியலில் இல்லாதவர் வரவில்லை என்றால் அது 'குறைவு' ஆகாது.

மென்பொருளில் இதே விஷயம் அப்படியே இருக்கு. ஐந்து சர்வர் சேர்ந்து ஒரு தரவுத்தளத்தை நடத்தும்போது, மூன்று ஒத்துக்கொண்டால்தான் முடிவு செல்லும். அதையும் கோரம் என்றுதான் சொல்றோம். ஆனா அந்த ஐந்தில் யார் யார் என்ற பட்டியல் முன்னாடியே இருக்கணும். பட்டியலில் இல்லாத ஆறாவது சர்வர் செத்தாலும் பிழைத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது.

கிராம சபை முக்கியமா ஆவது இங்கேதான். 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின்படி, ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள். நிலம் வேண்டாம், வீடு வேண்டாம், படிப்பு வேண்டாம். 'அனைவரும்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் நிஜமான அர்த்தம் கிடைச்ச இடம் அது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஊராட்சிகள் இருக்கு. வருஷத்தில் ஆறு நாள் கூடணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாள் முன்னாடி அறிவிப்பு வரணும். குறைவெண் மக்கள்தொகையைப் பொறுத்து மாறும்: 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 10,000க்கு மேல் போனால் 300 பேர்.

இப்போ யோசிங்க. அறிவிப்பு ஊராட்சி அலுவலகச் சுவரில் மட்டும் ஒட்டப்பட்டால்? ஒலிபெருக்கி வண்டி ஊருக்குள் சுத்திட்டு காலனித் தெருவுக்குள் போகாமலே திரும்பிட்டால்? உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கும், கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்க மாட்டார். சட்டம் உள்ளே சேர்த்தவரை, அழைப்பு வெளியே நிறுத்திடும்.

அடுத்த அறிவிப்பை எழுதும்போது

அதனால நீங்க ஒரு அழைப்பை எழுதினாலும், உங்களுக்கு ஒன்று வந்தாலும், நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. யார் கூப்பிடுறாங்க, பெயர் இருக்கா, இல்லை 'நிர்வாகம்' மட்டும்தானா? 'நாம்' என்று இருக்கா, 'நாங்கள்' என்று இருக்கா? 'அனைவரும்' என்றால் யார் யார்? இந்த அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கு உள்ளே நாற்காலி உண்டா?

உதாரணத்துக்கு, "குடிநீர்ப் பிரச்சினை தொடர்பாக அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும், இப்படிக்கு நிர்வாகம்" என்பதை இப்படி மாற்றலாம்: "நம்ம குடியிருப்புத் தண்ணீர்க் கணக்கைப் பற்றி நாமே பேசி முடிவெடுக்க, ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடிக்கு வாங்க. சொந்த வீடு, வாடகை வீடு, இங்கே வேலை செய்றவங்க எல்லாருக்கும் இந்த அழைப்பு. கேள்வி இருந்தால் கீழே இருக்கும் எண்ணில் என்னிடம் கேளுங்க." கீழே ஒருத்தர் பெயர், எண். நாலு வரி கூடுதலா ஆகும். ஆனா மாடிக்கு ஏறி வர்றவங்க தாங்களே கூடினவங்களா இருப்பாங்க.

உங்க ஊரில் கூட்டத்துக்கு அழைக்க வேற என்ன சொல் பயன்படுத்துறாங்க என்று எழுதி அனுப்புங்க, பின்னாடி ஒரு எபிசோடில் சேர்த்துப் பேசலாம்.